மேசையும் சாவியும்

(ஆலுவாவில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வேதவாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேதத்தை வாசிப்பது பற்றியும், கொள்கையில் மாறுபட்டவரோடு மரியாதை குறையாமல் பேசுவது பற்றியும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அறையில் ஆர்.சி. இருக்கிறார்கள், சி.எஸ்.ஐ. இருக்கிறார்கள், பெந்தெகொஸ்தே சபையார் இருக்கிறார்கள். தமிழ் புரியும் என்ற தைரியத்தில் மார்த்தோமா, யாக்கோபாயா நண்பர்கள் சிலரும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே யார் மனதும் கோணாமல் பேசி முடிப்பது நடக்காத காரியம். எல்லார் மனதும் ஒரே அளவில் கோணும்படி பார்த்துக்கொள்கிறேன், அது மட்டும்தான் என்னால் முடியும்.

இதைப் பேச ஆலுவாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பெரியாற்றங்கரையில் ஸ்ரீநாராயண குருவின் அத்வைத ஆசிரமம் இருக்கிறது. 1924 சிவராத்திரியை ஒட்டிக் குரு அங்கே சர்வமத மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். கிறிஸ்தவத்தின் சார்பில் கே.கே. குருவிளா பேசினார். வாதிட்டு வெல்ல இங்கே யாரும் வர வேண்டாம், அறியவும் அறிவிக்கவும் வாருங்கள் என்ற கருத்தை அன்று முன்வைத்தார்கள். கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அந்த வாசகம் மனப்பாடம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கே கூடியவர்கள் வேறு வேறு மதத்தார். அயல்வீட்டுக்காரரோடு மரியாதையாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிக்குள்தான் வேலித் தகராறு வரும், கிணற்றுத் தகராறு வரும். அந்தத் தகராறுக்கும் இதே ஊரில் அடையாளம் இருக்கிறது. நகரத்துக்குள் திருக்குன்னத்து செமினாரி. மலங்கரைச் சுரியானிச் சபையின் யாக்கோபாயா தரப்பும் ஆர்த்தடாக்ஸ் தரப்பும் உரிமை கேட்கும் இடம். மோதலுக்குப் பிறகு 1977இல் அங்குள்ள தேவாலயத்தைப் பூட்டினார்கள். பின்னாளில் அங்கே அடக்கமான மெத்ரான்களின் (ஆயர்களின்) நினைவுநாளுக்கு மட்டும், இன்ன தரப்புக்கு இன்ன நேரம் என்று அதிகாரிகள் பிரித்துக் கொடுத்து, போலீஸ் காவலோடு கல்லறையை வணங்க அனுமதித்த காலம் உண்டு. இரு தரப்புக்கும் ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே சுரியானி குர்பானா (பூசை). வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு வழிபாட்டிலும் போய் நின்றால் எது எவருடையது என்று சொல்லத் திணறுவார்.

பறவூர் போகும் சாலையில் யூனியன் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. 1921இல் தொடங்கியது. கே.சி. சாக்கோ, ஏ.எம். வர்க்கி, சி.பி. மாத்யூ, வி.எம். இட்டியேரா என்ற ஆசிரியர்கள் முன்நின்றார்கள். வெளிநாட்டு மிஷன் எதுவும் தொடங்கித் தந்த கல்லூரி இல்லை இது. எந்த ஒரு சபைக்கும் சொந்தமும் இல்லை. காலத்தைப் பாருங்கள், சுரியானிச் சபை பிளந்துகொண்டிருந்த நேரம். 1911இல் அந்தியோக்கியா பாத்திரியார்க்கீஸ் அப்துல்லா, மெத்ரான் வட்டசேரில் மார் திவன்னாசியோஸை விலக்கி வைக்கிறார். 1912இல் மலங்கரையில் கத்தோலிக்கா என்ற தனித் தலைமை ஆயர் பதவி வருகிறது. 1913இல் வழக்கு தொடங்குகிறது. 1808இல் ஒரு மெத்ரான் ஆங்கிலேயரிடம் போட்டு வைத்த 3,000 நட்சத்திர வராகனுக்கு வரும் வட்டி யாருக்கு என்பதுதான் வழக்கு. அதன் பெயரே வட்டிப்பண வழக்கு. அது நடந்துகொண்டிருக்கும்போதே, எதிரெதிர்ச் சபைகளின் பிள்ளைகள் ஒரே அறையில் வேதம் படிக்கட்டும் என்று நாலு பேர் ஒரு கல்லூரியைக் கட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த கட்டடம் பழைய கச்சேரி. ஒரு காலத்தில் வழக்கு விசாரித்த மாளிகை. எந்தக் கதாசிரியனும் இப்படி ஒன்றை எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்போம். 1925இல் காந்தி அங்கே வந்து ஒரு மாங்கன்று நட்டுவிட்டுப் போனார்.

இனி வேதத்துக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு ஆதித் திருச்சபை ஒருமனமாக இருந்தது, பிற்காலத்தில்தான் சண்டை வந்தது என்றொரு நினைப்பு. அப்போஸ்தலர் நடபடிகள் அப்படிச் சொல்லவில்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும், மாற்கை ஊழியத்துக்குக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று கடுமையாக மோதிப் பிரிகிறார்கள். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், பேதுருவை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். எழுதியவர்கள் இவற்றை மறைக்கவில்லை. தொகுத்தவர்கள் வெட்டி எறியவும் இல்லை. சபையின் இரண்டு தூண்கள் சண்டை போட்ட கதையைச் சபையே பரிசுத்த வேதத்துக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

இது பழங்காலத்து வாசகர்களுக்கே சங்கடமாக இருந்தது. பெத்லகேமில் இருந்து வேதத்தை லத்தீனில் பெயர்த்துக்கொண்டிருந்த ஜெரோம், அது உண்மையான சண்டையே இல்லை, சபையாருக்குப் பாடம் புகட்ட இருவரும் பேசி வைத்துக்கொண்டு நடித்தது என்று விளக்கம் எழுதினார். வட ஆப்பிரிக்காவிலிருந்து அகஸ்டின் மறுத்துக் கடிதம் எழுதினார். அப்போஸ்தலர் நடித்ததாக ஓரிடத்தில் ஒத்துக்கொண்டால், வேறு எந்த இடத்தில் அவர்கள் நடிக்கவில்லை என்று எப்படி நம்புவது என்பது அவருடைய கேள்வி. அந்தக் கடிதம் ஜெரோமின் கைக்குப் போகவில்லை. வழி தவறி, இத்தாலியில் பலர் கையில் சுற்றியது. கடிதத்துக்குரிய ஜெரோம் அதைக் கடைசியாகத்தான் கேள்விப்பட்டார். கிழவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இளைஞன் ஒருவன் என்னை வீழ்த்திப் பெயர் வாங்கப் பார்க்கிறான் என்ற சந்தேகம். அகஸ்டின் மன்னிப்புக் கேட்டார், ஆனால் கருத்தில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டார்கள். இருவரையும் ஒரே சபை இன்று புனிதர் என்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று. இருவரிடமும் மற்றவரை அடக்கும் அதிகாரம் இல்லை. ஜெரோம் ஒரு மடத்தில் இருந்த துறவி, அகஸ்டின் தொலைவில் ஒரு துறைமுக ஊரின் ஆயர். ஒருவர் புத்தகத்தை மற்றவர் கொளுத்த முடியாது. ஒருவர் கோயிலுக்கு மற்றவர் பூட்டுப் போட முடியாது. மிச்சமிருந்த ஒரே வழி வாதத்தை இன்னும் நன்றாக எழுதுவது. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். வேதத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு தானாகக் கசப்பதில்லை. ஒருவர் கையில் சாவி இருந்து, அதை அவர் வாதத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும்போது கசக்கிறது. நம் பக்கத்துச் சரித்திரம் முழுக்க இதற்குச் சாட்சி.

இங்கிருந்து தெற்கே உதயம்பேரூர். 1599 ஜூனில் கோவா பேராயர் அலெய்ஷோ டி மெனேசஸ் அங்கே ஒரு சங்கத்தைக் கூட்டினார். தோமா வழிச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் கத்தனார்களையும் (குருக்களையும்) சபை மூப்பர்களையும் வரவழைத்து, நெஸ்தோரியப் பிழை என்று கருதியவற்றைத் திருத்த ஆணைகள் போட்டார். சுரியானி நூல்களை ஒப்படைக்க வேண்டும், திருத்தவோ எரிக்கவோ செய்வோம் என்றார்கள். எவ்வளவு எரிந்தது என்று இன்றும் சுரியானி அறிஞர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த ஆணைகளில் ஒன்று வேதத்தைப் பற்றியது. சுரியானி வேதமான பெஷித்தாவில் பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டு சிறு நிருபங்கள், யூதா, வெளிப்படுத்தல் ஆகியவை கிடையாது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் யோவான் சுவிசேஷத்தில் கிடையாது. யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பரலோகத்தில் சாட்சி கொடுக்கும் மூவரைச் சொல்லும் வசனமும் கிடையாது. லத்தீன் வேதத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்று சங்கம் கட்டளையிட்டது.

அந்தக் கடைசி வசனத்தின் கதையைக் கேளுங்கள். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை, லத்தீன் வழியாகப் பின்னால் நுழைந்தது என்பதை இன்று கத்தோலிக்க அறிஞர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். உங்களில் பழைய தமிழ் வேதாகமம் வைத்திருப்பவர்கள் திறந்து பாருங்கள், வசனம் இருக்கும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் தேடுங்கள், இருக்காது. ஆக 1599இல், குறையுள்ள வேதத்தை வைத்திருக்கிறீர்கள் என்று திட்டு வாங்கிய கத்தனார்கள் கையில் இருந்த பிரதி, அந்த ஒரு வசனத்தில் சரியானது. அவர்களிடம் யாராவது கேட்டிருந்தால்? கேட்கவில்லை. மெனேசஸிடம் போர்ச்சுக்கல் ராஜாவின் பலம் இருந்தது, கொச்சி ராஜாவின் ஒத்தாசையும் இருந்தது. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

சங்கம் கண்டித்த பெரிய பிழை நெஸ்தோரியுஸ் சார்ந்தது. மரியாளைத் தேவனின் தாய் என்பதா, கிறிஸ்துவின் தாய் என்பதா என்ற ஐந்தாம் நூற்றாண்டுத் தகராறு. 1994 நவம்பரில் போப் இரண்டாம் யோவான் பவுலும் கிழக்கின் அசீரியத் திருச்சபையின் பாத்திரியார்க்கீஸ் மார் தின்கா நான்காமவரும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இரண்டு பெயர்களும் ஒரே விசுவாசத்தைச் சொல்கின்றன, இரண்டும் முறையானவை என்றார்கள். உதயம்பேரூருக்குப் பிறகு 395 ஆண்டுகள். எரிந்த ஓலைகளும் தோல்சுவடிகளும் திரும்பி வரப்போவதில்லை.

உதயம்பேரூரின் வெப்பம் அடங்காமல் அரை நூற்றாண்டு புகைந்து 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் வெடித்தது. கூனன் குரிசுச் சத்தியம். சிலுவையில் கயிறு கட்டி, உள்ளே இடம் போதாமல் வெளியே நின்றவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆணையிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், இங்கிருந்து பக்கத்திலேயே ஆலங்காட்டில், பன்னிரண்டு கத்தனார்கள் கைவைத்து அர்க்கதியாக்கோன் (தலைமைத் திருத்தொண்டர்) தோமாவை ஆயராக்கினார்கள். என்ன ஆணையிட்டார்கள் என்பதில் இன்றும் சண்டை. பேராயர் கார்சியாவுக்கும் ஜேசு சபையாருக்கும் கீழ்ப்படிய மாட்டோம் என்றார்கள், போப்பைச் சொல்லவில்லை என்பது கத்தோலிக்க வரலாற்றாசிரியர் வாதம். ரோமின் ஆட்சியையே மறுத்தார்கள் என்பது ஆர்த்தடாக்ஸ் தரப்பு வாதம். நான் இரு தரப்புப் புத்தகங்களையும் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். ஒருவர் இன்னொருவரின் ஆதாரத்தை அடிக்குறிப்பில் தள்ளும் லாவகம் பார்க்கப் பார்க்கச் சுவையானது. ஆனால் அடிக்குறிப்பில் நடக்கும் சண்டையில் யாருக்கும் தலை உடைவதில்லை. அந்த வகையில் முன்னேற்றம்தான்.

இப்போது திருக்குன்னத்துப் பூட்டுக்குத் திரும்புகிறேன். 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, இரு தரப்பும் சமாதானமாகி, 1964இல் பாத்திரியார்க்கீஸ் யாக்கூப் மூன்றாமவரே நேரில் வந்து ஔகேன் பாவாவைக் கத்தோலிக்காவாக அமர்த்தினார். எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் நிம்மதிப்பட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1970இல் ஒரு கடிதம் வந்தது. 203ஆம் எண் கடிதம் என்று இங்கே பெயர். புனித தோமாவின் சிங்காசனத்தில் அமர்ந்தவர் என்று கத்தோலிக்கா எழுதுவதைப் பாத்திரியார்க்கீஸ் அதில் ஆட்சேபித்தார். ஆதாரம் யோவான் இருபதாம் அதிகாரம். உயிர்த்த கர்த்தர் சீஷர் மேல் ஊதி, பரிசுத்த ஆவியையும் பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தபோது தோமா அங்கே இல்லை. ஆகவே தோமா குருவே இல்லை, சிங்காசனம் எங்கிருந்து வரும்?

இதை ஒரு வேதவாசிப்புக் கேள்வியாக மட்டும் எடுத்துப் பாருங்கள், எவ்வளவு நல்ல கேள்வி! யோவான் ஏன் அந்த இடத்தில் தோமா இல்லை என்று மெனக்கெட்டுச் சொல்கிறார்? ஊதியது பதவிப் பிரதிஷ்டையா, எல்லா விசுவாசிகளுக்குமான வரமா? அன்று வராதவருக்கு அது இல்லை என்றால் பவுலின் கதி என்ன? மத்தியாவின் கதி? மேல்வீட்டறையில் பெந்தெகொஸ்தேக்குக் காத்திருந்தவர்களின் பட்டியலில் தோமா பெயர் இருக்கிறதே, அதை எங்கே சேர்ப்பது? அந்தச் சுவிசேஷத்திலேயே ஆகப் பெரிய விசுவாச அறிக்கையை, என் ஆண்டவர் என் தேவன் என்று, அந்தத் தோமாதானே செய்கிறார்? ஒரு மழைக்கால சாயங்காலம் முழுக்க இதைப் பேசலாம், டீ இரண்டு தடவை வரும். ஆனால் அது ஒரு அதிகாரியின் கடிதத்தில் வந்தது. அதை ஏற்பதும் மறுப்பதும் எந்த மெத்ரானுக்கு எந்தக் கோயில் என்பதைத் தீர்மானிக்கும் நிலைமையில் வந்தது. ஏழு வருஷத்தில் இந்த ஊரில் பூட்டு விழுந்தது. 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம், 1934ஆம் ஆண்டுச் சபைச் சட்டமே மலங்கரைத் தேவாலயங்களுக்கெல்லாம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னால் தகராறு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. இறந்தவரைக் குடும்பக் கல்லறையில் புதைக்க விடாமல் சவப்பெட்டியோடு நிறுத்திய காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2020இல் கேரள அரசு, புதைக்கும் உரிமைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. தோமா அன்று சாயங்காலம் அறையில் இல்லாமல் போனதற்கு இவ்வளவு விலை.

அப்படியானால் இவை வெறும் சொத்துத் தகராறுகள், தத்துவம் சாக்கு என்று சிலர் கையைத் துடைத்துக்கொள்வார்கள். படித்தவர்கள் அதிகம் சொல்லும் வசனம் இது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாராமணில் ஆபிரகாம் மல்பான் என்ற குரு 1830களில் குர்பானாவை மலையாளத்தில் சொல்லத் தொடங்கி, புனிதர்களை நோக்கிய மன்றாட்டையும் இறந்தோருக்கான ஜெபத்தையும் விட்டாரே, அவருக்கு அதில் எந்த ஆதாயமும் இல்லை. வேதத்தில் காணவில்லை என்று நம்பினார், விட்டார். அவர் வழி வந்தவர்கள் 1879 முதல் 1889 வரை திருவிதாங்கூர் நீதிமன்றங்களில் வழக்காடி, ஒரு நீதிபதி மாறுபட்டும் பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்று, அநேகமாக எல்லாக் கோயில்களையும் இழந்தார்கள். ஆறு வருஷத்தில், 1895இல், பம்பையாற்று மணலில் பந்தல் போட்டு மாராமண் கன்வென்ஷனைத் தொடங்கினார்கள். சொத்துக்காகச் சண்டை போட்டவர்கள் மணலில் போய் உட்கார மாட்டார்கள். எதிர்ப் பக்கத்தாரும் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. செத்துப்போன அம்மாவுக்காக ஜெபிக்காதே என்று ஒருவர் சொன்னால், அதை ஏற்காதவருக்கும் காரணம் இருக்கிறது, வேதமும் இருக்கிறது, மரபும் இருக்கிறது. எங்கள் வீட்டில் என் அப்பாவின் அம்மா கோட்டாற்றுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சி.எஸ்.ஐ. வீட்டில் வாக்கப்பட்டு ஞாயிறுதோறும் எங்களோடு ஆராதனைக்கு வருவார், கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி மட்டும் தனியாக எங்கோ போய் வருவார். எங்கே போனாய் என்று தாத்தா கேட்டதே இல்லை. அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

எல்லாம் ஒன்றுதான், ஏன் சண்டை என்று பெருந்தன்மையாகச் சொல்கிறவர் உண்மையில் இரண்டு பக்கத்தையும் அவமதிக்கிறார். நீங்கள் உயிராக நினைப்பது எனக்குப் பொருட்டில்லை என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்கிறார், அவ்வளவுதான்.

ஆர்.சி. நண்பர்கள் நாம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊர் எறணாகுளம்–அங்கமாலி அதிமறைமாவட்டத்தில் இருக்கிறது. பூசையில் குரு பலிபீடத்தைப் பார்த்து நிற்பதா, ஜனங்களைப் பார்த்து நிற்பதா? சுரியானி முறைக் கத்தோலிக்கரான சீரோ மலபார் சபையின் ஆயர் மன்றம் 2021இல் பாதி இப்படி, பாதி அப்படி என்று தீர்மானித்தது. இங்கே குருக்களிலும் ஜனங்களிலும் பெரும்பகுதியினர் ஏற்கவில்லை. 2022இல் எறணாகுளம் பசிலிக்காவை மூட வேண்டி வந்தது. போப் பிரான்சிஸ் 2023 டிசம்பரில் காணொளியில் வேண்டுகோள் விடுத்தார். 2025இல், ஞாயிறுகளில் ஒரு பூசையாவது ஒருங்கிணைந்த முறையில் நடத்துவது என்ற அளவுக்கு ஒரு உடன்பாடு வந்தது. கிழக்கே பார்த்து நிற்பதற்கு ஆழமான அர்த்தம் உண்டு, வருகிற கர்த்தரைச் சபை முழுவதும் சேர்ந்து எதிர்பார்ப்பது. ஜனங்களைப் பார்ப்பதற்கும் உண்டு, அது விருந்து, விருந்தில் முதுகைக் காட்டுவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் விளக்கக்கூடிய குருக்கள் இருக்கிறார்கள். அவர்கள் குரல் எந்தச் சேனலிலும் கேட்கவில்லை.

இதற்குமேல் ஒரு முக்கியமான இடம். நயமாக மாறுபடுவதற்கு எல்லை உண்டா? வேதமே பதில் வைத்திருக்கிறது, இரண்டு இடத்தில். ரோமர் பதினாலாம் அதிகாரத்தில் பவுல் ரொம்பச் சாந்தமானவர். ஒருவன் எல்லாம் சாப்பிடுகிறான், ஒருவன் மரக்கறி மட்டும். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவனுக்கு எல்லா நாளும் ஒன்று. சாப்பிடுகிறவன் மற்றவனை இளப்பமாகப் பார்க்க வேண்டாம், சாப்பிடாதவன் தீர்ப்பிட வேண்டாம், அவரவர் மனதில் நிச்சயமாக இருக்கட்டும் என்கிறார். அதே பவுல் கலாத்தியரில் பேதுருவிடம் சீறுகிறார். ஏன்? அங்கேயும் விஷயம் சாப்பாடுதான். ஆனால் என்ன சாப்பிடுவது என்ற கேள்வி இல்லை, யாரோடு சாப்பிடுவது என்ற கேள்வி. புறஜாதியாரோடு பந்தியில் இருந்த பேதுரு, யாக்கோபின் ஆட்கள் வந்ததும் எழுந்து தள்ளிப்போனார். உணவில் மாறுபாடு வந்தால் பொறு, ஒருவனைப் பந்தியிலிருந்து எழுப்பினால் பொறுக்காதே. இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்.

நம் தமிழ்ச் சபையின் சரித்திரத்தில் இதற்கு கச்சிதமான உதாரணம் தஞ்சாவூரில் இருக்கிறது. மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிகளோடு பல ஆண்டுகள் மோதினார். ரேனியஸ் திருத்திய புது மொழிபெயர்ப்பைத் திணிக்கிறார்கள், பண்டிகையில் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள், தமிழ்ப் பாட்டை ஒதுக்குகிறார்கள், சாதி வித்தியாசமின்றிச் சேர்ந்து உட்காரச் சொல்கிறார்கள் என்பவை அவருடைய குறைகள். முதல் மூன்றிலும் நான் சாஸ்திரியார் கட்சி. பழகிய வேதத்தைப் பிடுங்காதே, பூவைப் பிடுங்காதே, பாட்டைப் பிடுங்காதே. வந்தவர்கள் ரோமர் பதினாலை மறந்தார்கள். நாலாவதில் சாஸ்திரியார் கலாத்தியர் இரண்டை மறந்தார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிப் பாகுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அதனால் தஞ்சையில் சபை பிளந்தது. அந்தப் பிளவுக்காக வருந்துகிறேன், அந்தக் கடிதத்துக்காக வருந்தவில்லை. ஆயரிடம் சாவி இருந்தது என்று நீங்கள் என்னை மடக்கலாம். மடக்குங்கள். ஏற்கெனவே வெளியே நிற்பவனுக்காகக் கதவைத் திறக்கவும் சாவி வேண்டும்.

கேரளத்தில் அது நேரத்துக்குத் திறக்கவில்லை. பொய்கையில் யோகன்னான், தலித் குடும்பத்தில் பிறந்து, மார்த்தோமாச் சபையிலும் பிறகு பிரதரன் சபையிலும் பிரசங்கித்தவர். எங்கே போனாலும் தன் ஜனத்துக்குத் தனிக் கொட்டகை, தனி வரிசை. 1909இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். என் ஜனத்தைப் பற்றி இந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு, கூட்டத்தின் நடுவே வேதப் புத்தகத்தை எரித்தார் என்று அவருடைய வரலாற்றில் சொல்கிறார்கள். உதயம்பேரூரிலும் நெருப்பு, இங்கேயும் நெருப்பு. நான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அங்கே எரித்தவர் கையில் எல்லாம் இருந்தது. இவர் கையில் அந்தப் புத்தகத்தைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. யோகன்னானோடு மரியாதையாக மாறுபடுங்கள் என்று யாராவது என்னிடம் சொன்னால், முதலில் அவரோடு ஒரே பந்தியில் உட்காருங்கள், பிறகு பேசலாம் என்பேன். இந்த ஊர்க் கல்லூரியின் வட்டத்திலிருந்து ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஆலுவா செட்டில்மென்ட் எழுந்தது அந்த உணர்வில்தான் என்று நினைக்கிறேன்.

சாவியை வைத்திருந்தும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு நல்ல உதாரணமும் சொல்கிறேன், என் சொந்தச் சபை என்பதால் கொஞ்சம் பெருமையோடு. 1919இல் தரங்கம்பாடியில் சில இந்தியப் போதகர்கள், பிரிந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று கூடினார்கள். ஆயர் அசரியா அதில் முக்கியமானவர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இடையில் 28 ஆண்டுகள். அசரியா 1945இல் இறந்துவிட்டார், பார்க்கவில்லை. முட்டுக்கட்டை எது? ஆயர் கைவைத்தால்தான் போதகரா என்ற கேள்வி. ஆங்கிலிக்கன் ஆம் என்பார், காங்கிரிகேஷனல்காரர் அது வேதத்தில் எங்கே என்பார். கடைசியில் யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. ஏற்கெனவே போதகராக இருப்பவரை அப்படியே எல்லாரும் ஏற்பது, இனிமேல் ஆயர் கையால் அபிஷேகம், எந்தச் சபையின் மனசாட்சிக்கும் விரோதமான போதகரை அதன்மேல் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் சிலர் துரோகம் என்றார்கள். பிறகு அதே சி.எஸ்.ஐ.யில் ஆயர் தேர்தலுக்காகவும் சொத்துக்காகவும் நடந்த வழக்குகளைப் பற்றி நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. பெருமை கொஞ்சம்தான் என்று முதலிலேயே சொன்னேனே.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு யோசனையோடு முடிக்கிறேன். உங்களிடம் பூட்ட ஒரு கதவும் கிடையாது, வாடகை அறை. பெரிய வசதி அது. அடுத்த மாதம் நீங்கள் வாசிக்கப் போவது யாக்கோபு இரண்டாம் அதிகாரம், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற இடம் என்றார்கள். ரோமர் நாலாம் அதிகாரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆபிரகாம் வருகிறார், இரண்டு விதமாக வருகிறார். இதைப் பற்றிக் கத்தோலிக்கரும் லுத்தரன்மாரும் 450 வருஷத்துக்கு மேல் மோதி, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதையும் யாராவது வாசித்துக்கொண்டு வாருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. கத்தோலிக்கர் பக்கத்தை ஒரு பெந்தெகொஸ்தேக்காரர் எடுத்துச் சொல்ல வேண்டும், ஆமாம், நாங்கள் நம்புவது இதுதான் என்று ஆர்.சி. நண்பர்கள் தலையாட்டும் வரைக்கும் அவர் உட்காரக் கூடாது. விசுவாசத்தால் மட்டுமே என்ற பக்கத்தை ஒரு ஆர்.சி. நண்பர் எடுத்துக்கொள்ளட்டும், அவருக்கும் அதே விதி. மறுப்பெல்லாம் அதற்குப் பிறகு. பெயர் கொடுக்கிறவர்கள் இப்போதே கைதூக்கினால் நல்லது, தயாரிக்க நாலு வாரம் போதாது.